ஸ்டூடியோ வேலையா, சொந்தத் தொழிலா? அனிமேஷன் பக்கம் வருகிறவனின் கேள்வி

கோட்டோவியன்:
வணக்கம். படிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறேன். 2டி அனிமேஷன், கேரக்டர் டிசைன் இரண்டும் செய்கிறேன். ஒரு ஸ்டூடியோவில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் சுமார்தான், ஆனால் மாதாமாதம் வரும். இன்னொரு பக்கம், கூடப் படித்த நண்பன் "நாமே ஒரு ஸ்டூடியோ போடுவோம், எனக்குத் தெரிந்த இரண்டு கிளையன்ட் இருக்கிறார்கள்" என்கிறான். இது போக, நானே உருவாக்கிய கேரக்டர்களைக் கொஞ்ச காலமாக இணையத்தில் போட்டு வருகிறேன். ஓரளவு ஆட்கள் தொடர்கிறார்கள். அதை ஒரு நாள் தொடராக எடுக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

"மனசுக்குப் பிடித்ததைச் செய்" என்ற பதில் மட்டும் வேண்டாம். அது ஏற்கனவே நிறையக் கிடைத்துவிட்டது. இந்தத் துறையில் இருப்பவர்கள் என்ன பார்த்து முடிவெடுப்பீர்கள்?

பழைய எடிட்டர்:
வேலைக்குப் போ தம்பி. சம்பளத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

படிக்கும்போது எல்லாவற்றையும் நீ ஒருவனே செய்திருப்பாய். ஸ்டூடியோவில் ஒரு வேலை கைமாறிக் கைமாறிப் போகும்: ஸ்டோரிபோர்டு (காட்சிவாரி ஓவியம்), அனிமேட்டிக் (அந்த ஓவியங்களை நேரக் கணக்கோடு ஓடவிட்டுப் பார்ப்பது), லேஅவுட் (காட்சியின் அமைப்பு), கீ (முக்கிய அசைவுப் படங்கள்), இன்பிட்வீன் (அவற்றுக்கு இடையில் வரும் படங்கள்), கிளீனப் (கோடுகளைச் சுத்தமாக்குவது), கம்பாசிட்டிங் (எல்லாவற்றையும் ஒரே காட்சியாகச் சேர்ப்பது). ஒவ்வொரு கைமாற்றத்திலும் எங்கே நேரம் கரைகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஃபைலுக்குப் பெயர் வைக்கும் முறையில் தொடங்கி, கிளையன்ட் சொன்ன "இன்னும் கொஞ்சம் துள்ளலா இருக்கணும்" என்பதை அனிமேட்டருக்குப் புரியும் திருத்தப் பட்டியலாக மாற்றுவது வரை அத்தனையும் வேறொருவர் செலவில் கற்கலாம்.

அப்புறம், முடிந்தால் தயாரிப்பு மேலாளர் பக்கத்தில் உட்கார இடம் பிடி. அவர்தான் ஒரு ஷாட்டுக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போடுபவர். உன் நண்பனின் இரண்டு கிளையன்டும் முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான். நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தாலும் நொடிக்கு 12 படம், 30 நொடி விளம்பரத்துக்கு 360 படம். இது ஒரே ஒரு கேரக்டருக்கு. இரண்டு பேர் பேசிக்கொண்டால்? பின்னால் கூட்டம் நகர்ந்தால்? "ஒரு வாரத்தில் தருகிறோம்" என்று உன் நண்பன் சொல்லிவிட்டால், ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரையப்போவது நீதான்.

நடுநிசி கோடர்:
பழைய எடிட்டர் அண்ணன் சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஸ்டூடியோவில் சேர்ந்தவுடன் தயாரிப்பு மேலாளர் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தர மாட்டார்கள். கிளீனப்பில் உட்கார வைப்பார்கள். அதில் கை வேகமாகிவிட்டால் அங்கேயே வைத்திருப்பார்கள். வேலையில் கெட்டிக்காரனாக இருப்பதே அங்கே சிக்கிக்கொள்ளக் காரணமாகிவிடும். நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

நான் சிறிய கேம்கள் செய்கிறேன், தனியாக. என் பார்வையில் இந்த வயதில்தான் செலவு குறைவு, பொறுப்பு குறைவு. சொந்தமாகச் செய்வதென்றால் இப்போது. ஆனால் "கம்பெனி" என்று தொடங்காமல், முடிவு தெரிந்த ஒரு சிறு வேலையாகத் தொடங்கு. முடித்து, வெளியிட்டு, நாலு பேர் காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று பார். முடித்துக் காட்டிய இரண்டு நிமிடப் படத்துக்கு இருக்கும் மதிப்பு, பாதியில் நிற்கும் தொடர் யோசனைக்குக் கிடையாது.

போகிற வழியில் வேறு ஏதாவது கிடைப்பதும் உண்டு. அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் செயலியான ஸ்லாக் எங்கிருந்து வந்தது தெரியுமா? கிளிட்ச் என்று ஓர் இணைய விளையாட்டைச் செய்த குழு அது. விளையாட்டு ஓடவில்லை, 2012-இல் மூடினார்கள். அதைச் செய்யும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கிய கருவிதான் பிறகு ஸ்லாக் ஆனது. அந்தக் குழுவை நடத்திய ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் முந்தைய நிறுவனத்திலும் இதே கதைதான். விளையாட்டு செய்யப் போய், படங்களைப் பகிரும் தளமான ஃப்ளிக்கர் வந்தது. அந்த மனிதருக்கு விளையாட்டு மட்டும் கைகூடவே இல்லை :)

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் காசைப் பற்றிப் பேசுகிறேன். கலைத்துறை ஆட்கள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான்.

சொந்தமாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் நாள் கூலியைத் தப்பாகத்தான் போடுகிறார்கள். "ஸ்டூடியோவில் மாதம் இவ்வளவு, அதை முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு இவ்வளவு" என்று தொடங்குவார்கள். வருடத்தில் சனி ஞாயிறு 104 நாள் போய்விடும். மீதி 261. விடுமுறை, காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று 25 நாள் கழித்தால் சுமார் 235. அதிலும் கிளையன்ட் தேடுவது, மதிப்பீடு அனுப்புவது, கிடைக்காமல் போன வேலைக்குப் பேசிய நேரம், இன்வாய்ஸ் போட்டுவிட்டுத் துரத்துவது எல்லாம் யாரும் காசு தராத நாட்கள். பாதி நாளுக்குக் காசு வந்தாலே தொடக்கத்தில் நல்ல நிலைதான். ஆக, 120 நாள் சம்பாத்தியத்தில் வருடம் ஓட வேண்டும். அதற்கு மேல் மென்பொருள் சந்தா, சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய கணினி, வரி, மருத்துவக் காப்பீடு. இவை எல்லாவற்றையும் வருடச் சம்பளத்தோடு கூட்டி 120-ஆல் வகுத்துப் பாருங்கள். வருகிற எண் முதலில் பயமுறுத்தும். அதுதான் சரியான எண்.

கோட்டோவியன், உங்கள் நண்பரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். அந்த இரண்டு கிளையன்டும் அட்வான்ஸ் தருவார்களா? பாதி முன்பணம், அனிமேட்டிக் ஒப்புதலானதும் ஒரு பங்கு, இறுதி ஃபைல் கொடுக்கும் முன் மீதி என்று வாங்கினால் தொழில் நடக்கும். "முடித்துக் கொடுங்க, பார்த்துக்கலாம்" என்பவர் கிளையன்ட் கிடையாது, உங்களிடம் வட்டியில்லாக் கடன் வாங்குபவர். ஏட்டில் லாபம் இருக்கும்போதே கையில் காசில்லாமல் மூடிய கடைகளின் கணக்கெல்லாம் என் மேஜைக்கு வந்திருக்கிறது.

பணம் தாமதமாவது எல்லா ஊரிலும் உள்ள வியாதி. நியூயார்க் நகரம் 2017-இல் ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. 800 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். தேதி ஏதும் எழுதாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். சட்டமே போட வேண்டி வந்திருக்கிறது என்றால் எவ்வளவு பேருக்குக் காசு நின்றிருக்கும், பாருங்கள்.

சும்மா வந்தவன்:
ஆக மொத்தம் வேலைக்குப் போனால் சிக்கிக்கொள்வான், போகாவிட்டால் காசு இருக்காது. நல்லது, நன்றி.

சட்டப்புத்தகம்:
கோட்டோவியன் கடைசியாகப் போகிற போக்கில் சொன்ன கேரக்டர்களை யாருமே தொடவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வியாகத் தெரிகிறது. ஸ்டூடியோவா சொந்தமா என்பதை இரண்டு வருடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்த உரிமை பெரும்பாலும் திரும்பி வராது.

அடிப்படை இது. நீங்கள் வரைந்த கணமே பதிப்புரிமை உங்களுடையது. 1886-இல் தொடங்கிய பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்குப் பதிவு கட்டாயமில்லை. படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் குறைந்தது 50 வருடமும் அது இருக்கும். பல நாடுகளில் இன்னும் அதிகம். பதிவு செய்து வைத்தால் வழக்கு என்று வரும்போது உதவும். ஆனால் யோசனைக்குப் பாதுகாப்பு கிடையாது. "பேசும் மரம் ஒன்று துப்பறிகிறது" என்பது யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் வரைந்த அந்த மரம், எழுதிய அந்த வசனம்தான் உங்களுடையது.

சம்பள வேலையில் இது தலைகீழாகும். வேலையின் பகுதியாக வரைவது பல நாடுகளில் முதலாளிக்கே சேரும். அது நியாயமும்கூட, அதற்குத்தான் சம்பளம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், "பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எல்லாமும் நிறுவனத்துக்கே" என்று எழுதும் ஒப்பந்தங்களில். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வரைவதும் அந்த "எல்லாமும்" என்ற சொல்லுக்குள் போய்விடக்கூடும். அதனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேளுங்கள். ஒன்று, இதற்கு முன்பே நீங்கள் உருவாக்கிய படைப்புகளின் பட்டியல் ஒப்பந்தத்தில் இணைப்பாக இருக்க வேண்டும்: கேரக்டர் பெயர், படம், முதலில் வெளியிட்ட தேதி. இரண்டு, "எல்லாமும்" என்பது "பணியின் பகுதியாக உருவாக்கும் எல்லாமும்" என்று மாற வேண்டும். முதலாவதை மறுப்பவர்கள் குறைவு. அவர்களுக்கும் அதில் நஷ்டம் இல்லையே.

1938-இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் சூப்பர்மேனின் முதல் கதையோடு கேரக்டர் உரிமையையும் சேர்த்து 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு வருடக்கணக்கில் வழக்கு. 1975-இல்தான் வருடாந்திர உதவித்தொகையும், உருவாக்கியவர்கள் என்ற பெயரும் கிடைத்தன. அதுவும் பத்திரிகைகளில் பெரிய சத்தம் எழுந்த பிறகு. எதிர்ப்பக்கம் ஜார்ஜ் லூகாஸ். ஸ்டார் வார்ஸ் முதல் படத்துக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதற்குப் பதிலாக, பொம்மை, சட்டை போன்ற வணிகப் பொருள் உரிமையையும் அடுத்த பாகங்களின் உரிமையையும் தன்னிடம் வைத்துக்கொண்டார். 2012-இல் தன் நிறுவனத்தை டிஸ்னிக்கு 405 கோடி டாலருக்கு விற்றார்.

சும்மா வந்தவன்:
லூகாஸ் அதற்கு முன்பே ஒரு வெற்றிப்படம் கொடுத்தவர். நம்ம கோட்டோவியன் போய் "இணைப்பு வேண்டும்" என்றால், "அடுத்த ஆளைக் கூப்பிடு" என்பார்கள்.

சட்டப்புத்தகம்:
நியாயமான கேள்விதான். ஆனால் லூகாஸுக்கு அந்த உரிமை கிடைத்தது, அன்றைக்கு அந்த ஸ்டூடியோவுக்கு அது பெரிய பணமாகத் தெரியாததால். பேரம் பேச பலம் இல்லாதவர்கள் கேட்க வேண்டியதும் அதுதான்: எதிராளிக்கு இன்றைக்கு மதிப்பில்லாதது. உங்கள் பழைய கேரக்டர்கள் அந்த ஸ்டூடியோவுக்கு இன்றைக்கு ஒன்றுமே இல்லை. இன்று கேட்டால் கிடைக்கும். ஓடத் தொடங்கிய பிறகு கேட்டுப் பாருங்கள்!

தூரிகை:
லோகோ, பிராண்டிங் செய்கிறவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். எல்லா உரிமையையும் கட்டிப்பிடித்துக்கொள்ளக் கூடாது. லோகோவை வாங்குகிறவருக்கு முழு உரிமையும் வேண்டும், கொடுத்துத்தான் ஆக வேண்டும். 1971-இல் நைக்கியின் அந்த டிக் குறியை வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி. வாங்கியது 35 டாலர். 1983-இல் நிறுவனமே கூப்பிட்டுப் பங்குகள் கொடுத்தது. இதை எல்லோரும் சோகக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தக் குறிக்கு மதிப்பு வந்தது, அந்த நிறுவனம் செருப்பு விற்றதால். கேரக்டர் அப்படியில்லை, அதன் மதிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

அதனால் கிளையன்ட் வேலைக்கு வரையும்போது உன் சொந்தக் கேரக்டரின் முகத்தை மறந்தும் கொண்டுபோய் வைக்காதே. புதிதாக வரைந்து, விலை போட்டு, முழுசாகக் கொடுத்துவிடு. சொந்தத்தை விற்காதே, உரிமம் கொடு: எந்த ஊடகத்துக்கு, எந்தப் பகுதிக்கு, எத்தனை வருடத்துக்கு என்று எழுதி. காலம் எழுதாத உரிமம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

இன்னொன்று: திருத்தங்களின் எண்ணிக்கையையும், சோர்ஸ் ஃபைல் (திருத்தக்கூடிய மூல ஃபைல்) விலையில் சேர்ந்ததா இல்லையா என்பதையும் மதிப்பீட்டிலேயே எழுது. சண்டை எப்போதும் இந்த இரண்டில்தான் வரும்.

மெட்டுக்காரி:
இசைப் பக்கத்திலும் இதுவேதான், ஆனால் ஒரு பாட்டில் இரண்டு உரிமை. மெட்டும் வரியும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. டெய்லர் ஸ்விஃப்ட் 2021-இலிருந்து தன் பழைய ஆல்பங்களை மறுபடி பாடி வெளியிட முடிந்தது எப்படி? ஒலிப்பதிவின் உரிமைதான் மற்றவர் கையில் இருந்தது, பாட்டை எழுதியவர் அவர். 2025-இல் பழைய பதிவுகளையும் வாங்கிவிட்டார். நமக்கு அந்த அளவு பணமோ ரசிகர்களோ இல்லை, ஆனால் இந்தப் பிரிவினை தெரிந்திருக்க வேண்டும்.

"இணையத்தில் போட்டாலே வருமானம்" என்று நம்பி வேலையை விடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் அதற்கு ராயல்டி கிடையாது. 2024-இல் வந்த விதி. யூடியூபில் நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எதன் 55 சதவீதம் என்பதை விளம்பரக்காரர்கள்தான் முடிவு செய்கிறார்கள். தளங்கள் ஆட்களைக் கண்டுபிடிக்க உதவும். வாடகை கட்ட அவற்றை நம்பாதீர்கள். பின்தொடர்பவர்களின் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். தளம் விதியை மாற்றினாலும் அது கையில் இருக்கும்.

நடுநிசி கோடர்:
கேம் விற்பனையிலும் அப்படியே. கணினி கேம்களை விற்கும் தளமான ஸ்டீம் வழக்கமாக எடுப்பது 30 சதவீதம். ஆப்பிள் ஸ்டோரில் வருடம் 10 லட்சம் டாலருக்குக் கீழே சம்பாதிப்பவர்கள் விண்ணப்பித்தால் 15. நிறையப் பேர் விண்ணப்பிக்காமலே 30 கட்டிக்கொண்டிருக்கிறார்கள், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கோட்டோவியன்:
எல்லோருக்கும் நன்றி. ஒப்பந்தத்தை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். சட்டப்புத்தகம் சொன்ன அதே "எல்லாமும்" இருக்கிறது. கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

நண்பனிடம் அட்வான்ஸ் பற்றிக் கேட்டேன். ஒரு கிளையன்ட் தருவார், இன்னொருவர் அவனுடைய மாமா. (ஆமாம்.) எழுத்தில் போட்டுக்கொள்வோமா என்றால், "நமக்குள்ள எதுக்குடா பேப்பர்" என்கிறான்.

இன்னொரு பயமும் இருக்கிறது. இன்பிட்வீன், கிளீனப் எல்லாம் ஏஐ செய்யத் தொடங்கிவிட்டது. நான் கற்றுக்கொள்ளப் போகும் படிக்கட்டே இருக்குமா?

கணக்குப்பிள்ளை:
"நமக்குள்ள எதுக்கு" என்று சொன்ன கூட்டாளிகள் பிறகு ஒருவர் பெயரை ஒருவர் சொல்லாமல் "அந்த ஆள்" என்று பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். சண்டை வரும் என்பதற்காக எழுதச் சொல்லவில்லை. ஒருவருக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைக்கும், ஒருவருக்குக் கல்யாணம் ஆகும், ஒருவருக்கு அலுத்துவிடும். அப்போது பாதிப் பங்கு யாரிடம் இருக்கும்? புதிய நிறுவனங்களில் பழக்கத்தில் இருக்கும் முறை, பங்கு நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் இல்லை என்பது. இரண்டு பேர் கடைக்கு இதையே இரண்டு வருடமாகச் சுருக்கிக்கொள்ளலாம். சரிபாதி என்றால், கருத்து வேறுபட்டால் யார் சொல்வது நிற்கும் என்பதையும் எழுதுங்கள். விலை விஷயத்தில் அவன், படம் விஷயத்தில் நீ, இப்படி.

உன் கேரக்டர்கள் கம்பெனிக்குள் வராது என்பது முதல் வரியாக இருக்கட்டும். மாமா வேலைக்கும் அட்வான்ஸ் வாங்குங்கள். மாமாவிடம் வாங்க முடியாதவர் யாரிடமும் வாங்க மாட்டார்.

பழைய எடிட்டர்:
ஏஐ பற்றி நேர்மையாகச் சொன்னால், பயம் வெறும் பிரமை இல்லை. தொடக்க நிலை வேலைகளில்தான் முதல் அடி விழுகிறது. 2023-இல் ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததில் இதுவும் ஒரு கோரிக்கை. ஏஐ எழுதியதை மூலப்படைப்பாகக் கணக்கிடக் கூடாது, எழுத்தாளரை அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். சங்கம் இருந்ததால் முடிந்தது. அனிமேஷனில் பல இடங்களில் சங்கமே கிடையாது.

உனக்கு நான் சொல்வது: கிளீனப்பில் உட்கார வைத்தால் உட்கார், ஆனால் டைமிங்கும் லேஅவுட்டும் கற்றுக்கொள். கோடு சுத்தமாக இருப்பதைக் கருவி பார்த்துக்கொள்ளும். அந்தக் கேரக்டர் கதவைத் திறக்கும் முன் எத்தனை ஃப்ரேம் தயங்க வேண்டும் என்பதை இன்னும் ஆள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளைக்கு என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதே.

சட்டப்புத்தகம்:
இதில் உங்களுக்குச் சாதகமான பக்கமும் ஒன்று உண்டு. மனிதர் உருவாக்காத படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2023-இல் ஓர் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. 2025-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. வெறும் கட்டளை எழுதி வாங்கிய படத்துக்கு உரிமை கோர முடியாது என்பதே அங்குள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடும். கேரக்டரை வாங்கும் நிறுவனத்துக்கு இது தலைவலி, தனக்குச் சொந்தமில்லாததை அது எப்படிப் பாதுகாக்கும்? அதனால்தான் "இதில் ஏஐ எங்கே, எவ்வளவு" என்று ஒப்பந்தத்திலேயே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். லேயரோடு கூடிய மூல ஃபைல், பென்சில் ஓவியம், தேதி எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். நீங்கள் வரைந்ததுதான் என்று காட்டத் தேவைப்படும்.

தூரிகை:
ஷோரீல் (செய்த வேலைகளைக் காட்டும் மாதிரி வீடியோ) பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒரு நிமிடத்துக்குள், சிறந்தது முதலில். கூட்டாகச் செய்த ஷாட் என்றால் அதில் உன் பங்கு என்ன என்று எழுது, கேட்பார்கள். ஸ்டூடியோவில் செய்வதை அவர்கள் வெளியிடும் முன் ஷோரீலில் போடாதே. அது போதும்.

கோட்டோவியன்:
ஸ்டூடியோவிலிருந்து பதில் வந்தது. இணைப்புக்குச் சம்மதம். "பணியின் பகுதியாக" என்று மாற்ற மறுத்தார்கள், ஆனால் "நிறுவன நேரத்திலோ நிறுவனக் கருவியிலோ உருவாக்கும்" என்று போடத் தயாராம். வேலையில் சேர்வதாக இருக்கிறேன். நண்பன் மாமா வேலையைத் தனியாக எடுத்துச் செய்கிறான், எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரே சந்தேகம்: வீட்டில் என் சொந்தத் தொடரை வரைய, கல்லூரியில் கொடுத்த மென்பொருளையே வைத்துக்கொள்ளலாம்தானே?

சட்டப்புத்தகம்:
அந்த மாற்று வாசகம் சரி, ஏற்றுக்கொள்ளுங்கள். மாணவர் உரிமத்தின் விதியைப் படியுங்கள். பல மென்பொருள்களில் அதை வைத்து வணிக வேலை செய்யக் கூடாது, படிப்பு முடிந்ததும் காலாவதியும் ஆகும். தொடரை விற்கப் போகிறீர்கள் என்றால் சொந்த உரிமம் வாங்குங்கள், அல்லது பிளெண்டர் என்ற மென்பொருளுக்கு மாறுங்கள். இலவசம், வணிகத்துக்கும் தடையில்லை, அதிலுள்ள கிரீஸ் பென்சில் என்ற கருவியில் 2டி வரையலாம். எழுத்துருக்களுக்கும் இதே சோதனை வேண்டும். ஸ்டூடியோ கொடுக்கும் மடிக்கணினியில் உங்கள் தொடரின் ஒரு ஃபைலைக்கூடத் திறக்காதீர்கள், மேகச் சேமிப்புக் கணக்கையும் அதில் இணைக்காதீர்கள். "நிறுவனக் கருவி" என்ற சொல்லை இப்போது நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.